முயல் தொடாத வயல்

முயல்கள்கூட மெலானியின் பக்கம்தான் என்று ரெஜின் முடிவுகட்டியது அந்த ஏப்ரல் மாதத்தில்.

வேலிக்கு இந்தப் பக்கம் ரெஜினின் ஆறு ஹெக்டேர். அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி மெலானியின் ஆறு ஹெக்டேர். இரண்டிலும் லூபின். மொச்சையை அமுக்கித் தட்டையாக்கியது போல இருக்கும் பயறு அது. வெள்ளாடுகளுக்குப் பால் ஊற அதைத்தான் பார்லியோடு நொறுக்கிப் போடுவார்கள். இரண்டு வயலும் ஒரே வாரத்தில் விதைத்தவை, ஒரே மண், ஒரே மழை. ஆனால் ரெஜினின் வயலில் ஓரத்திலிருந்து முப்பது அடிக்கு ஒரு முளை மிச்சமில்லை. கத்தரி வைத்து நறுக்கியது போல மொட்டைக் காம்புகள் நின்றன. வேலிக்கு அப்பால் போய்க் குனிந்து பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடித்திருந்தது. கடித்துவிட்டு, வேண்டாம் போ என்று விட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

"அவ வயல்ல ஏதாவது மருந்து அடிக்கிறாளா?" என்று கணவன் பத்ரிஸிடம் கேட்டாள்.

"அவ ஒண்ணும் அடிக்கல. முயலுக்கு உன் சமையல்தான் பிடிச்சிருக்கு, சந்தோஷப்படு" என்றான் அவன்.

ரெஜினுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வயதில் இந்த லா பெர்லியேர் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை பால் கறந்திருக்கிறாள். அவளுடைய கல்யாணப் போட்டோவில்கூட அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலக் கறவைக்கு நேரமாகியிருந்தது. மாமனார் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்தபோது நடுவில் இருந்த உயிர்வேலி எல்லையானது. மூத்தவன் பத்ரிஸுக்கு இந்தப் பக்கம், இளையவன் லோரானுக்கு அந்தப் பக்கம். லோரான் ஒண்டிக்கட்டையாக இருந்தவரை வேலியில் ஒரு தொந்தரவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவன் நியோர் நகரத்து இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து மெலானியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

காத்தின் என்கிற அந்த வட்டாரத்தில் ஆட்டுக்கு லூபின் போட்ட முதல் ஆட்களில் ரெஜின் ஒருத்தி. இதை அவள் பெருமைக்காகச் சொல்வதில்லை, யாரும் சொல்லாததால் சொல்லவேண்டி வருகிறது. அப்போதெல்லாம் எல்லாரும் கப்பலில் வந்திறங்கும் சோயாப் புண்ணாக்கைத்தான் போடுவார்கள். தெரியாத நாட்டில் எந்தக் காட்டை வெட்டி விளைவித்ததோ, அது என் ஆட்டு வயிற்றுக்குள் எதற்கு என்று தோன்றியது அவளுக்கு. லூபின் விதைத்தாள். அது பூத்தபோது, ஆட்டுக்குப் பூந்தோட்டம் போடுகிறாளாமே என்று பார்த்தனே ஊர்ச் சந்தையில் சிரித்தார்கள். மெலானி வந்த இரண்டாம் வருடம் ஆடு வளர்க்கத் தொடங்கி, தானும் லூபின் போடுகிறேன் என்றபோது முதல் மூட்டை விதையைக் கொடுத்ததே ரெஜின்தான்.

கொடுத்தது தப்பு என்று அவளே ஒத்துக்கொள்ளத் தொடங்கியது பிறகு. மெலானியின் பால் கணக்கில் புரதம் எப்போதும் அரைப் புள்ளி கூடவே இருந்தது. மெலானி தேனீப் பெட்டிகள் வைத்தாள், தேன் நிறைந்தது. கடையில் விதை வாங்குவதை நிறுத்திவிட்டு, தன் அறுவடையிலிருந்தே விதை எடுத்து மூன்று வருடமாக விதைத்தாள். அதற்கு ஒரு பத்திரிகைக்காரன் வந்து அவளையும் ஒரு கை நிறைய விதையையும் படம் பிடித்துப் போட்டான். ரெஜின் வருடா வருடம் விதை வாங்குகிறவள். அதற்கு யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பத்திரிகையை அவள் அடுப்பு பற்றவைக்க எடுத்தாள். அப்புறம் படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்து, ஏனென்று தெரியாமல், இழுப்பறையில் வைத்தாள்.

இதற்குப் பெயர் பொறாமை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஊருக்கும் தெரியும். அதுதான் பிற்பாடு வினையாகப் போனது.

அந்த வருடம் அவர்களிடம் பால் வாங்கும் சீஸ் பண்ணை ஒரு நிபந்தனை போட்டது. இனிமேல் பால் தருகிற பதினோரு பட்டிகளிலும் ஆடுகளுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைந்த தீவனம் மட்டும்தான். பதினோரு பேரும் கூடினார்கள். ஒரே இடத்தில் அரைத்து, ஒரே கலவையாக எல்லாருக்கும் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. பட்டாணி ஒருவரிடம், பார்லி ஒருவரிடம். லூபின் யாரிடம் என்பது அறுவடைக்குப் பிறகு. யாருடையது தேறுகிறதோ அவருடையது. கூட்டுக்குத் தலைவனாக இருந்த தியெரி இதைச் சொல்லிவிட்டு ரெஜினைப் பார்த்தான். பிறகு மெலானியைப் பார்த்தான். அவன் பார்வை மெலானியிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றதாக ரெஜினுக்குப் பட்டது. லூபின் என்றால் லா பெர்லியேர் ரெஜின் என்று ஒரு தடவையாவது ஊர் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் அறுவடை. ஓரத்தில் தொடங்கி உள்ளே வரை முயல் தின்றது போக ரெஜினுக்கு ஒன்பது டன். மெலானிக்குப் பதினெட்டு.

வியாழக்கிழமை காலை தியெரியின் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். நீண்ட மேசையில் இரண்டு தட்டுகள், இரண்டு வயலின் பயறு. அந்த ஊரில் பயறு பார்க்கிற முறை ஒன்றுதான். இரண்டு விரலால் எடுத்து, முன்பல்லால் ஒரு கடி. 'டக்' என்று சத்தம் கேட்டால் காய்ந்திருக்கிறது. உடனே துப்பிவிட்டு, இனிப்பு ஒயினான பினோ ஒரு வாய் குடிப்பார்கள். ஈரம் அளக்கிற கருவி வந்து இருபது வருடமாகிவிட்டது, ஆனாலும் பல்லுக்கு மரியாதை குறையவில்லை. ஒவ்வொருவராக வந்து கடித்தார்கள், துப்பினார்கள், தலையாட்டினார்கள். மெலானியின் பயறு பெரிது, வெளுப்பு, சுருக்கமில்லாதது. ரெஜினின் தட்டைக் கடித்தவர்கள், நல்லாத்தான் இருக்கு, அளவுதான் பத்தாது என்றார்கள்.

ரெஜின் மெலானியின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். 'டக்'. மற்றவர்கள் போலத் துப்பியிருக்கலாம். அவள் துப்பவில்லை. ஒரு குறையாவது இருக்காதா, ஒரு பூஞ்சை வாடை, ஒரு மண் வாடை, என்று கடைவாய்க்குத் தள்ளி நன்றாக மென்றாள். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கின் அடியிலிருந்து கசப்பு எழுந்தது. மருந்து மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாற்போல. தொண்டை வரை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. லூபினில் இனிப்பு ரகம் உண்டு, கசப்பு ரகம் உண்டு. ஆட்டுக்கு இனிப்பு ரகம்தான். மெலானியின் நிலத்துக்கு அடுத்து வேட்டைச் சங்கத்துக்காரர்கள் காட்டுப் பறவை ஒதுங்கட்டும் என்று ஒரு பட்டை விதைத்திருந்தார்கள், மலிவான கசப்பு லூபின். மெலானியின் தேனீக்கள் இரண்டு பூவிலும் உட்கார்ந்து எழுந்திருக்கின்றன. கலந்த விதையையே எடுத்து மூன்று வருடம் விதைத்திருக்கிறாள். முயல் இனிப்புச் செடியைத் தின்று கசப்புச் செடியை விட்டிருக்கிறது. வருடத்துக்கு வருடம் கசப்பு பெருகியிருக்கிறது. கடைசியில் முயல்கள் அந்த வயலையே ஒதுக்கிவிட்டன. ஏப்ரலில் வேலியோரம் நின்று அவள் வயிறெரிந்தது இதைப் பார்த்துத்தான்.

"என்ன அக்கா, எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மெலானி. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"காஞ்சிருக்கு" என்றாள் ரெஜின். அது பொய்யில்லை.

தியெரி மெலானியின் பயறுக்குக் கை தூக்கச் சொன்னான். பத்துக் கைகள் எழுந்தன. பதினோராவதாக ரெஜினும் தூக்கினாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொள்ளும், அரவை மில்லுக்கு.

வீட்டுக்கு வந்தும் கசப்பு போகவில்லை. ரொட்டி தின்றாள், காபி குடித்தாள். ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒரு பதில். பன்னிரண்டு வருடமாக மெலானியைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்லதாக ஒன்று வந்ததில்லை. இன்று தட்டின் முன்னால் நின்று கசக்கிறது என்றிருந்தால், பயறா கசக்கிறது என்று பத்துப் பேரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அது மட்டும்தான் காரணமா? பதினோரு பட்டியில் ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது எல்லாரும் மெலானியின் வாசலில் போய் நிற்கும் காட்சி ஒன்று அவள் மனதில் ஓடியது. பத்திரிகைக்காரனும் அதில் இருந்தான். அதை அவள் நிறுத்தவில்லை. வெள்ளியும் சனியும் கறவை நேரமெல்லாம் அதையே ஓட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டில் பத்ரிஸிடம் சுற்றிவளைத்துக் கேட்டாள். ஒருத்திக்கு ஒரு கெடுதல் வரப்போவது இன்னொருத்திக்குத் தெரிந்தால்?

பத்ரிஸ் வெள்ளை மொச்சைக் குழம்பை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தான். "அந்த ஒருத்தி மெலானியா இருந்தா, இன்னொருத்தி சொல்லிப் பிரயோஜனமில்ல. வயித்தெரிச்சல்னு சொல்லிருவாங்க."

"நீயும் சொல்லுவியா?"

"நான்தான் முதல்ல சொல்லுவேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெலானி வீட்டில் மதியச் சாப்பாடு. வேண்டுமென்றே மேலே கருகவிடுகிற அந்த ஊர்ச் சீஸ் கேக்கை மெலானியே சுட்டிருந்தாள். அது அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கே பாதி நாள் சொதப்பும். அவளுக்குச் சொதப்பவில்லை. மெலானி பெரிய துண்டாக வெட்டி ரெஜினுக்கு வைத்தாள். ரெஜினின் பயறையும் பாதி எடுத்திருக்கலாமே என்று மெலானி தியெரிக்குப் போன் செய்து கேட்டதாகவும், அவன் மறுத்துவிட்டதாகவும் லோரான் சொன்னான். ரெஜின் கேக்கை முள்கரண்டியால் குத்தினாள். இவளுக்கு எதற்கு இந்தப் பெருந்தன்மை? இதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

திங்கள் காலை கறவையின்போது, வியாழனன்று மெலானியின் தட்டிலிருந்து சட்டைப்பையில் போட்டு வந்த ஒரு பிடிப் பயறு கையில் தட்டுப்பட்டது. தூலிப் என்ற ஆட்டிடம் நீட்டினாள். நாலு வயது ஆடு, நல்ல கறவை. அது உதட்டால் துழாவி, ஒன்று இரண்டு என்று பொறுக்கித் தின்றது. பிறகு நின்றது. உதட்டைச் சுருக்கியது. வாயிலிருந்ததைக் கீழே தள்ளிவிட்டு ரெஜினையே பார்த்தது. அடுத்த வாரம் இந்தத் தொட்டியிலும் அதுதான் விழப்போகிறது. இந்த மாதம்தான் ஆடுகள் சினைப்படுகிற மாதம். இப்போது தீவனம் தின்னாமல் நின்றால் பால் மட்டுமா போகும்? பதினோரு பட்டி என்பது அவள் பட்டியையும் சேர்த்துத்தான் என்பது நாலு நாளாக ஏன் உறைக்கவில்லை?

மத்தியானம் வேலிச் சந்து வழியாக அந்தப் பக்கம் போனாள். நல்ல எண்ணத்தோடுதான் போனாளா என்று கேட்டால் அவளால் ஆமென்று சொல்ல முடியாது. மெலானியின் முகம் எப்படி விழுகிறதென்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே நடந்தது.

மெலானி கொட்டகையில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"உன் பயறு கசக்குது" என்றாள் ரெஜின். வேறெப்படியும் தொடங்கத் தெரியவில்லை.

மெலானி வைக்கோல் கவையைச் சுவரில் சாய்த்தாள். "அக்கா, பத்துப் பேர் கடிச்சுப் பாத்தாங்க."

"கடிச்சுத் துப்பினாங்க. நான் மென்னு பாத்தேன்."

"நீங்க ஏன் மென்னீங்கன்னு எனக்குத் தெரியும்." குரல் உயரவில்லை. "முதல் வருஷத்துலேர்ந்து பாக்கறேன். நான் பெட்டி வெச்சா தேனீ கொட்டுதும்பீங்க. நான் கேக் சுட்டா கருகிடுச்சும்பீங்க, அது கருகத்தான் வேணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்களா?"

"என்னை நம்ப வேணாம். உன் ஆட்டைக் கேளு" என்றாள் ரெஜின்.

மெலானி கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு வாளி புதுப் பயறை அள்ளி வந்து தொட்டியில் நெடுக ஊற்றினாள். நாற்பது தலைகள் கம்பிக்கு நடுவே நீண்டன. கொஞ்ச நேரம் உதடுகள் பரபரவென்று துழாவும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு தலை பின்னால் போனது. இன்னொன்று தும்மியது. ஆடுகள் பொறுக்குவதில் கெட்டிக்காரிகள். அரைக்காமல் கொடுத்ததால் அவற்றுக்கு வசதியாகவும் போனது. கடைசியில் தொட்டி நெடுகச் சொச்சம் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஈரமாக, முழுசாக, பளபளவென்று.

மெலானி அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டு மென்றாள். ரெஜின் அவள் முகத்தைப் பார்த்தாள். இதைப் பார்க்கத்தான் வந்தாள். முகம் விழுந்தது. ஆனால் ரெஜின் எதிர்பார்த்த சந்தோஷம் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகப் பால் கறக்கிற ஒருத்தி, இன்னொருத்தி களைத்து நிற்பதைப் பார்த்தாற்போல இருந்தது, அவ்வளவுதான்.

"போன வருஷமே மிச்சம் வெச்சுதுங்க. நான் அதிகமாப் போடறேன்னு நெனச்சேன்" என்றாள் மெலானி, தனக்குள்ளேயே. பிறகு திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள்."

"ஆமா."

"நேத்து என் வீட்ல உக்காந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

தேனீப் பெட்டி, வேட்டைச் சங்கத்துப் பட்டை எல்லாவற்றையும் ரெஜின் சொல்லத் தொடங்கினாள். மெலானி கையைக் காட்டி நிறுத்தினாள். நாளைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்றாள். போகலாம் என்றாளே தவிர, போங்கள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை வீடு வரைக்கும் ரெஜின் யோசித்துக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தியெரியின் முற்றத்தில் லாரி நின்றது. பதினோரு பேரும் இருந்தார்கள். ரெஜின் தன் ஒன்பது டன்னில் கொஞ்சத்தை டிராக்டர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஏன் கொண்டுவந்தாய் என்று பத்ரிஸ் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் விளையாட்டாக எதையும் சொல்லவில்லை.

மெலானி லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள் என்பதால் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"என் பயறை ஏத்த வேணாம். கசப்பு கலந்துடுச்சு. நேத்து என் ஆடுங்க மிச்சம் வெச்சுதுங்க, நானும் தின்னு பாத்தேன். விதையை நானே எடுத்தது என் தப்பு. உங்க எல்லார் பட்டிக்கும் போயிருக்கும்."

ரெஜின் காத்திருந்தாள். இப்போது தன் பெயர் வரும், வியாழக்கிழமை வரும், நாலு நாள் வரும். வரவில்லை. மெலானி அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா, தண்டிக்கிறாளா என்று ரெஜினால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் தியெரி கை தட்டினான். பதினெட்டு டன்னை வேண்டாம் என்று தானாக வந்து சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும் என்றான். மற்றவர்களும் தட்டினார்கள். ஒருத்தி மெலானியின் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். ரெஜினும் தட்டினாள். அந்தக் கசப்பைக் கண்டுபிடித்த நாக்கு தன் வாயில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிக் கைத்தட்டு இந்தப் பக்கம் திரும்பும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலேயே, எப்போது தெரியும் என்ற கேள்வியும் வரும். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

தியெரி அவளிடம் வந்தான். இப்போதைக்கு அவளுடைய ஒன்பது டன், மீதிக்குப் பட்டாணியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றான். அவள் இத்தனை மாதமாகக் கேட்டது இதுதான். பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி எல்லாருக்கும் நீட்டினான். இந்தத் தடவை யாரும் கடித்துத் துப்பவில்லை. பத்துப் பேரும் கடைவாயில் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மென்றார்கள். பினோவை யாரும் தொடவில்லை. அந்த முற்றத்தில் பல் அரைபடும் சத்தம் மட்டும் இருந்தது. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கசக்கல என்றார் ஒருவர். கசக்கல என்றார் இன்னொருவர். அவளுடைய பயறைப் பற்றி ஊர் சொன்ன புகழ்ச்சி அந்த ஒரு வார்த்தைதான்.

மெலானி மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். இன்றைக்கு அவள் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது போல. தியெரி லாரிக்காரனுக்குக் கை காட்டாமல் காத்து நின்றான்.

மெலானி விழுங்கினாள். ரெஜினை நேராகப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. ஏத்திக்கலாம்" என்றாள்.

லாரிக்காரன் பின்கதவைத் திறந்தான். தன் பயறு ஏறுவதற்கும் அந்த வாய்தான் சொல்ல வேண்டியிருந்தது என்று நினைத்தபடி ரெஜின் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, பெட்டியைச் சாய்க்கிற கம்பியை இழுத்தாள்.